அடைமழை ஊருக்கு ஹஸ்கி எதற்கு?

ஆசிரியருக்கு,

இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. இரட்டை அடுக்கு முடி ஈரப்புழுக்கத்தில் உலராமல் தோல் புண்ணாகும். சிப்பிப்பாறை வேட்டைநாய்க்கு முடி குட்டைதான். ஆனால் ஓட இடம் வேண்டும். மூன்று சென்ட் வீட்டில் கட்டிப்போட்டால் குரைத்தே தெருவைக் கூட்டிவிடும். அங்கே சாதாரண நாட்டு நாய்க்குட்டி போதும்.

ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கான தடுப்பூசியைக் குட்டியின் 6-8 வார வயதில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை 16 வார வயது வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி முதல் ஊசியை முடக்கிவிடலாம். ஒன்றோடு நிறுத்தியவர்கள்தான் ரத்தக்கழிச்சலில் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள். வெறிநோய் ஊசி 3 மாத வயதில்.

ரப்பர் தோட்டம் போய்வந்த நாயின் காதுமடல், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். சாளை (மத்தி) மீன் கொடுப்பதானால் அவித்து, முள் நீக்கி.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை