கார்டின் கடைசி வரி

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. வரவேற்பு கார்டு வந்தது, அச்சு அழகாக இருக்கிறது. கிளப்பின் உடை விதிப்படி வர வேண்டும் என்ற கடைசி வரியையும் படித்தோம். நீ போனில் அதைப் பற்றிப் பேசவில்லை.

சம்பந்தி உறுப்பினர் என்பதால் இடம் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்றால் சும்மாவா? 1846-ல் அலெக்ஸாண்டர் ஆர்பத்நாட் தொடங்கியது. வெகுகாலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். சேப்பாக்கத்தில் நம்மவர்கள் ஆடப்போனால், மதியச் சாப்பாடு அவர்களுக்குப் பெவிலியனில், நமக்கு மரத்தடியில். அது பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் அணியும் இந்தியர் அணியும் மோதும் ஆட்டத்துக்கு 1908-ல் ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆட்டம் நடக்குமுன் காலமாகிவிட்டார். 1915 முதல் அது வருடாவருடம் பொங்கல் மேட்சாக நடந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். அதில் உறுப்பினரே இல்லை, பார்!

உடை விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் சேப்பாக்கத்திலேயே வேறொரு கிளப்பில், நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்தார் என்று உள்ளே விடவில்லை. உனக்கு நினைவிருக்கும், பெரியப்பா அன்றைக்குப் போட்ட சத்தம். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டிக் கிளப்பில் தடுத்தால் உரிமம் ரத்தாகும். பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆகவே கார்டு என்ன சொன்னாலும் வாசலில் தகராறு வராது. காலில் செருப்பு போடலாமா என்பதை மட்டும் செயலாளர் அலுவலகத்தில் கேட்டு வை. போனில் கேட்டது போதாது, விதிப்புத்தகத்தைப் பார்.

நீயும் சேரப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். பெருமைதான். இந்த மாதிரி கிளப்புகளில் கையில் காசு கொடுக்கும் வழக்கம் குறைவு. சீட்டில் கையெழுத்து, மாதக் கடைசியில் பில். விருந்தாளி தின்றதும் உன் கணக்கில்தான் ஏறும். பாக்கி வைத்தால் பெயர் அறிவிப்புப் பலகைக்குப் போகும். விதிப்புத்தகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அம்மா கூறைப்புடவைக்குப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறாள். நான் பட்டுக்கரை எட்டு முழ வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கோட்டு தைக்கச் சொல்வதானால் இப்போதே சொல்லிவிடு, தையல்காரருக்குப் பத்து நாளாவது வேண்டும். விருந்தினர் பதிவேட்டில் எங்கள் பெயரை நீ எழுதுவாயா, சம்பந்தி எழுதுவாரா?

அப்பா