பழைய பிக்கப் வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் கொண்டுபோகும் நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து, பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கலாமா என்று இரண்டு மாதமாக யோசித்து வருகிறோம். அறுவடை நாட்களில் கேட்ட நேரத்துக்கு வாடகை வண்டி கிடைப்பதில்லை. ஏலத்துக்குப் பிந்திப்போன தக்காளிக்கு விலையும் கிடைப்பதில்லை. புது வண்டிக்குத் தவணை கட்ட எங்கள் வருமானம் தாங்காது.

வண்டியைப் பார்க்கும் விதம் கிராமத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை மீட்டரில் மாற்றிவிடலாம், ஆனால் வண்டிக்குக் கீழே குனிந்து, ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடத்தில் சேஸியில் (அடிச்சட்டத்தில்) வெல்டு வைத்திருக்கிறார்களா, அதை மறைக்க அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்த்தால், அளவுக்கு மேல் பாரம் ஏற்றி ஓடிய வண்டி தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். காலையில் இன்ஜின் சூடேறும் முன்பே போய், நாமே ஸ்டார்ட் செய்து புகையைக் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்துத் திருப்தியடைந்துதான் ஒரு வண்டிக்கு 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

சிக்கல் காகிதத்தில் இருந்தது. மூன்று கை மாறிய அந்த வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. கடன் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை யாரும் நீக்கவில்லை. வண்டி ஓடத் தகுதியானது என்பதற்கான எஃப்.சி. சான்றும் காலாவதியாகியிருந்தது. முதல் உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடங்களை வெற்றாக விட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை எங்களிடம் நீட்டி, "இப்போதைக்கு ஓட்டுங்கள், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார் விற்றவர். நாங்கள் பின்வாங்கினோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

இந்தப் "பிறகு" எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பலர் உணர்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, வண்டி கை மாறியதை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் அந்த முதல் உரிமையாளரும், தனக்கே தெரியாத ஒரு விபத்துக்காக நீதிமன்றப் படி ஏற நேரலாம். வாங்கியவருக்கோ, தன் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது, பாலிசி வேறொருவர் பெயரில் இருப்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க வழி உண்டு.

இதற்கு விதி இல்லாமலும் இல்லை. 1-4-2023 முதல் பழைய வண்டி வியாபாரம் செய்வோர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; உரிமையாளரிடமிருந்து வண்டி தம் கைக்கு வந்ததை இணையவழியே தெரிவிக்க வேண்டும்; அதன்பின் அந்த வண்டிக்கு அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். நாங்கள் போன இடத்தில் அந்தச் சான்றைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள்.

எனவே, தம் எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற வியாபாரிகளின் பட்டியலை ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அடுத்துப் பார்க்கும் வண்டியின் உரிமையாளர், எங்களுடன் நேரில் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடச் சம்மதித்தால் மட்டுமே முன்பணம் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.