வேளச்சேரி குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வாடகைக்குக் குடியிருப்போர் முதன்முறையாக உறுப்பினர்களாக இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வடிகால் தூர்வாரும் வேலை இரண்டாம் தெருவில் பாதியில் நிற்கிறது, மனு கொடுத்திருக்கிறோம். எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கொசு மருந்து பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, கொசுக்களே சொல்லும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பலர் சிரித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். சிரித்தவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அன்றிரவு நமது வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைப் பிறகு நிதானமாகப் படித்தேன். பாலத்தில் எங்கே இடம் இருக்கிறது, யாருடைய வண்டியில் கீறல் விழுந்தது என்பதே பேச்சு. தண்ணீர் முதலில் நுழையும் தரைத்தள வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை வாடகை வீடுகள். பழைய துணைவிதிப்படி வாடகைதாரர் உறுப்பினராக முடியாது. ஆகவே குழுவிலும் அவர்கள் இல்லை. தனியாக இருந்த ஓர் அம்மாளின் அரிசி மூட்டையையும் மாத்திரைப் பெட்டியையும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தவர், எதிர்க் கட்டடத்துக் காவலாளி. ஒடிசாவிலிருந்து வந்தவர். அந்த அம்மாளின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

துணைவிதியைத் திருத்தியது அதனால்தான். கூட்டம் சூடாகவே நடந்தது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களுக்கு வாக்குரிமை எதற்கு என்று ஒருவர் கேட்டார். வீட்டு உரிமையாளர்களில் எத்தனை பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள் என்று பார்த்தால், இந்தத் தெருக்களில் வந்து போகிறவர்கள் யார் என்பதே சந்தேகம். சிறப்புத் தீர்மானம் நிறைவேறியது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் தாக்கலும் செய்தாயிற்று.

பொங்கல் விழாவை இம்முறை ஒப்பந்தக்காரரிடம் விடவில்லை. முன்பெல்லாம் மேடை, ஒலிபெருக்கி, தொகுப்பாளர், பந்திச் சாப்பாடு எல்லாம் ஒப்பந்தக்காரரோடு வந்தன. நாம் நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். இந்த ஆண்டு வாடகைக்கு எடுத்தவை பாத்திரங்கள் மட்டுமே. அரிசி களைந்தது, வெல்லம் தட்டியது, அடுப்பு மூட்டியது எல்லாம் நாமே. பொங்கல் அடிப்பிடித்தது. ஆனால் அம்மிக்குழவி கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில்தான் நான்காம் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பலருக்குத் தெரிய வந்தது. கையில் வேலை எதுவும் கொடுக்காமல் நாலு பேரை உட்காரவைத்துப் பழகச் சொன்னால் யாருக்கும் பழக வராது என்பது என் கருத்து. நாம் தொடங்கிய வாராந்திர மாலைச் சந்திப்பு அப்படித்தான் படுத்துவிட்டது. கடைசியில் தலைவரும் நானும் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

உலக சுகாதார அமைப்பு 2025 ஜூன் 30 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகளுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்கிறது அது. தலைவர் அதைக் குழுவில் பகிர்ந்ததும் கைதட்டும் படங்கள் குவிந்தன. அதே குழுவில் மார்ச் மாதம் ஒரு மரணச் செய்தி வந்தபோது கைகூப்பும் படங்கள் குவிந்திருந்தன. துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அன்று அந்த வீட்டு வாசலுக்கு வந்தவை கைப்பேசியில் வரவழைத்த இட்லிப் பொட்டலங்கள். பணம் கொடுத்தவர் இறந்தவரின் மகள், அழுத கண்ணோடு.

அதன் பிறகு, துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொடுக்கத் தெருவுக்கு இரண்டு வீடுகள் பொறுப்பேற்பது என்று ஏற்பாடு செய்தோம். முதல் நாள் காபியும், மதியம் ரசம் சாதமும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யார் வீட்டுச் சாப்பாட்டை யார் வாங்கிக்கொள்வார்கள் என்ற தயக்கம் எழுந்தது. சைவம், அசைவம் என்று சுற்றி வளைத்துப் பேசினாலும் விஷயம் சாதிதான். ஊர்ப்பக்கத்து அக்கம்பக்க உறவை நினைத்து ஏங்குகிறவர்கள், அங்கே தெருவுக்குத் தெரு இருந்த வேலியையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பட்டியலைச் சாதி பார்த்துப் பிரிக்க முடியாது என்று செயற்குழு முடிவெடுத்தது. இரண்டு குடும்பங்கள் விலகிக்கொண்டன. இதுவரை போன சாப்பாடு எந்த வீட்டிலிருந்தும் திரும்பி வரவில்லை.

நான்காம் தெருவில் இந்தப் பொறுப்புக்கு இதுவரை ஒரு வீடுதான் பெயர் கொடுத்திருக்கிறது. இன்னொரு வீடு வேண்டும். மழைக்காலத்துக்கு முன் தரைத்தளவாசிகள், தனியாக வசிப்போர் பட்டியலைக் கையால் எழுதி எல்லாக் கட்டடங்களிலும் வைக்கவேண்டும். மின்சாரம் போனால் கைப்பேசியை நம்ப முடியாது. சந்தா நிலுவை வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்