தொலைந்த புத்தகத்துக்கு ஒரு விதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான், நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். தனிப் பணியிடமெல்லாம் கிடையாது, பாடவேளை போக மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்வது. பொறுப்பு மாறியபோது இருப்புப் பதிவேட்டையும் பீரோ சாவியையும் கையில் கொடுத்த சார், "டீச்சர், பிள்ளைங்ககிட்ட குடுத்துறாதீங்க, ஆடிட்ல குறைஞ்சா நம்மதான் கட்டணும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முன்பு இருந்த பள்ளியில் அப்படிக் கட்டியவர் அவர்.

அந்த ஐப்பசியில் அடைமழை. பீரோவைத் திறந்து பார்த்தால் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஈரம் ஏறிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடக்கின்றன, மேல்தட்டில் ராமபாணப் பூச்சி சல்லடையாகத் துளைத்திருக்கிறது, ஒரு பிள்ளையும் தொட்டுப் பார்க்காத புத்தகங்கள். பதிவேட்டின்படி ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஆனது ஆகட்டும் என்று திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நோட்டுப் போட்டு எழுதிக் கொடுத்து வாங்குகிறார்கள். கதைக்கு, பாட்டுக்கு, அறிவியலுக்கு என்று ஒவ்வொரு நிறத்தில் ஸ்டிக்கர். பெரிய நூலகங்களில் பொருள்வாரியாகப் பிரிக்கப் போடும் தசம எண்ணெல்லாம் அப்புறம் பழகிக்கொள்ளலாம். பீரோவைச் செங்கல்மேல் ஏற்றி, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்து, வசம்பைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறோம். போன ஆண்டு ஏறக்குறைய 2000 தடவை புத்தகம் கைமாறியது, 9 திரும்பவில்லை. அதில் இரண்டு, பிழைப்புக்காகத் திருப்பூர் போன ஒரு குடும்பத்தோடு போய்விட்டன. அந்தப் பிள்ளை அங்கே படித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பதிவேட்டில் அதை எப்படி எழுதுவது?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் இதற்கு வழி இருக்கிறது. விதி 215: ஆண்டுக்கு 1000 புத்தகம் கைமாறினால் 5 தொலைவது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதவரை. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. அந்தக் கணக்கில் எங்கள் 9 அடங்கிவிடும். நம் பள்ளிகளுக்கும் இதே அளவை வைத்து, தொலைந்ததைத் தலைமையாசிரியரே பதிவேட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று கல்வித்துறை தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதல் விதியே 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதுதான். அதே ஆண்டில் இந்த மன்னார்குடியிலிருந்துதான் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நடமாடும் நூலகமாக ஊர் ஊராகப் போனார்கள். அன்று வண்டியேறிப் புழுதியில் போன புத்தகம் இன்று வகுப்பறைக்குக்கூடப் போக முடியாமல் இருக்கிறதே, ஐயா.

அடுத்த தணிக்கைக்கு முன்னால் அந்தச் சுற்றறிக்கை வந்தால், பக்கத்துப் பள்ளி டீச்சரிடமும் சாவியை எடுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.