கையில் வெயிட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன், மறுபடி உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். இருபத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. முதலில் இடுப்பு வலி வந்தது, அப்புறம் தொப்பை, நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை. டாக்டரும் நடங்க, உடம்பை அசைங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கடைசியில் என் மகளே பணம் கட்டி ஒரு ஜிம்மில் சேர்த்துவிட்டாள், அதுவும் எனக்கென்று தனியாக ஒரு டிரெய்னர் வைத்து மூன்று மாதத்துக்கு. அந்த ஜிம்மின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதல்ல என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டேன், அதனால்தான் இந்தக் கடிதமே.

முதல் நாள் அந்தத் தம்பி என் எடையைப் பார்த்தார், இடுப்பை அளந்தார், எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டார், வாட்ஸ்அப் நம்பர் வாங்கினார். அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், முதுகில் தொந்தரவு உண்டா, எதுவும் கேட்கவில்லை. நீங்களே சொல்லியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று புதிதாகப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் போனால் அவர்தானே ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, "ராத்திரி சோறு வேண்டாங்கண்ணா, காலையில வெறும் வயித்துல வாங்க, அப்பத்தான் கொழுப்பு கரையும்" என்றார். அப்படியே செய்தேன். முந்தின நாள் ராத்திரி இரண்டு முட்டை வெள்ளைக்கரு, விடியற்காலையில் பழக்கதோஷத்தில் சர்க்கரை மாத்திரை, நேராக ஜிம். டிரெட்மில்லில் இருபது நிமிஷம், அப்புறம் கையில் வெயிட் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார். இரண்டாவது செட்டில் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பற்றவைப்பு வேலையில் கை நடுங்கினால் கொலுசு போச்சு, அதனால் என் கையை எனக்கு நன்றாகத் தெரியும், அது இப்படி நடுங்கியதே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் உடம்பு சில்லென்று இருந்தது. எதிரே கண்ணாடியில் தெரிந்த முகம் யாரோ ஒருவருடையது போல இருந்தது. "கை நடுங்குது தம்பி" என்றேன். "அது ஃபேட் கரையுதுங்கண்ணா, இன்னும் ஒரே செட்" என்றார்.

அடுத்து நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், நாக்கு குழறுகிறது. டிரெய்னர் விசிறிக்கொண்டு நிற்கிறார். கூட்டிப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து என் முன்னால் குனிந்து, "சாமி, சக்கரைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஓடிப்போய் எதிர் டீக்கடையில் ஒரு கை சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்து வாயில் போட்டார். பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றேன். அவர் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஆகியிருக்கிறதாம். அத்தனை பேர் இருந்த அந்த இடத்தில் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

டாக்டர் பிறகு விளக்கினார். நான் சாப்பிடும் கிளிமெபிரைடு வகை மாத்திரை நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும், உழைக்கிற தசையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், வயிறும் காலி என்றால் மூன்றும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். இந்த மாத்திரை விவரமெல்லாம் ஒரு டிரெய்னருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியாதுங்கண்ணா, உங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு டிரெய்னரிடம் நான் எதிர்பார்க்கும் தொழில் தர்மத்தில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம். கனடாவில் 1970களிலேயே ஏழு கேள்வி கொண்ட ஒரு தாளைத் தயாரித்து, உலகம் பூராவும் ஜிம்களில் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். இதய நோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதுண்டா, உடம்பை அசைக்கும்போது நெஞ்சு வலிக்குமா, போன ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது நெஞ்சு வலித்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டுத் தொந்தரவு உண்டா, பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இவை போக உடற்பயிற்சி செய்யக் கூடாத வேறு காரணம் எதுவும் உண்டா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். தமிழில் அடித்தால் ஒரு பக்கம், ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டு ரூபாய்.

அப்புறம் இன்னொன்று. இடுப்பு வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதற்கு "படுங்கண்ணா, நெட்டி எடுத்து விடுறேன்" என்று அந்தத் தம்பி என் முதுகில் முழங்காலை வைக்கப் பார்த்தார், நான் எழுந்துவிட்டேன். முதுகுத்தண்டைத் தொடுவது பிசியோதெரபிஸ்ட் வேலை. சர்க்கரைக்காரனுக்குச் சோற்றை நிறுத்தச் சொல்வது டாக்டரும் டயட்டீஷியனும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன் போன்றவர்களுக்கு 2021-ல் ஒன்றிய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்துவிட்டது. டாக்டருக்குக் கவுன்சில் இருக்கிறது, வக்கீலுக்கு இருக்கிறது, தப்பு நடந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஜிம் டிரெய்னருக்கு அப்படி எதுவும் கிடையாது, ஆறு மாதம் வெயிட் தூக்கி கை கொஞ்சம் ஏறினால் ஏழாவது மாதம் அவரே மாஸ்டர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளி கேட்டு வந்தவரிடம் இது எத்தனை டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 70 டச் என்றால் 70 டச் என்று சொல்லித்தான் விற்க வேண்டும், 80 என்று சொல்லிக் கொடுத்து ஒரு தடவை மாட்டினால் செவ்வாய்ப்பேட்டையில் அப்புறம் அவனிடம் யாரும் சரக்கு எடுக்க மாட்டார்கள். அதே மாதிரி டிரெய்னரும் தன் டச் எவ்வளவு என்று சொல்லட்டும். திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் விளையாட்டு, உடற்கல்வி, ஃபிட்னஸ் துறைக்கென்றே ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது, பயிற்சி கொடுத்துத் தேர்வு வைத்து டிரெய்னர்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அதை முடித்தவர் சுவரில் மாட்டட்டும். முடிக்காதவர் "நான் இன்னும் முடிக்கவில்லை, அனுபவத்தில்தான் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லட்டும், கேட்டுவிட்டுச் சேர்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

கேட்காமல் செய்வது மாத்திரை விஷயத்தோடு நிற்பதில்லை. என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள், வேறொரு ஜிம்முக்குப் போனாள், இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி தனியாக உட்கார வைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள். முதுகு நேராக இல்லை, முட்டி மடங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் டிரெய்னர் வந்து வந்து தொடுகிறாராம். தப்பான எண்ணத்தில் தொட்டாரா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒரு தடவைகூடக் கேட்டுவிட்டுத் தொடவில்லை. கடைசியில் அவள் உடற்பயிற்சி செய்வதை வீடியோ எடுத்து ஜிம்மின் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள், தோழி ஒருத்தி அனுப்பித்தான் அவளுக்கே தெரியும். அதை நீக்கச் சொன்னபிறகும் நீக்க நாலு நாள் ஆனது. "எல்லாரும் சந்தோஷமாத்தான் போடச் சொல்றாங்க, நீ மட்டும் ஏன்மா?" என்றார்களாம். எல்லாரும் என்பது அவள் இல்லையே! தொட வேண்டிய இடத்தில் "முதுகில் கை வைக்கட்டுமா" என்று மூன்று வார்த்தை கேட்க எத்தனை நேரம் ஆகிவிடும்? பெரும்பாலான பிழைகளைக் கை வைக்காமலே வாயால் சொல்லித் திருத்தலாம், இல்லையென்றால் தானே செய்து காட்டலாம். பெண்கள் வருகிற ஜிம்மில் ஒரு பெண் டிரெய்னராவது இருக்க வேண்டாமா?

பவுடர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். என் பட்டறையில் வேலை பார்க்கும் 20 வயதுப் பையன் வாரக் கூலியில் பாதியைப் பவுடருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான், விற்றவர் அவனுடைய டிரெய்னரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தசை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது, சாதாரண மனிதருக்குப் புரதத்தேவை ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கும் கீழேதான். பருப்பு, முட்டை, கடலை, மோர் சாப்பிடுகிற பையனுக்கு அது கிடைத்துவிடும். இது பணத்தோடு போய்விடும். ஆனால் போன ஆடி மாதம் அவன் என்னிடம் வந்து "ஒரு சைக்கிள் ஊசி போட்டா மூணு மாசத்துல கட்டு வந்துடும்னு மாஸ்டர் சொல்றாருண்ணா, போடட்டுமா" என்று கேட்டான். நல்ல வேளை, கேட்டான். சைக்கிள் என்றால் சில வாரம் தொடர்ந்து போடும் ஒரு சுற்று. அந்த ஊசி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஹார்மோன் மருந்து. வெளியிலிருந்து போடப் போட உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விதை சுருங்கும், மார்பு வீங்கும், ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். கல்யாணம் ஆகாத பையன். இதைச் சொன்ன மாஸ்டரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆனாலும் அந்தத் தம்பிகள் பக்கமும் ஒன்று இருக்கிறது. எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் பின்னால் பொறுமையாகப் பேசினேன். மாதச் சம்பளம் 12,000, அதில் வாடகை, பைக் கடன். பி.டி. (தனி டிரெய்னர் பயிற்சி) ஆள் சேர்த்தால்தான் கமிஷன், பவுடர் விற்றால்தான் டார்கெட். "உங்களுக்கு இது வேணாம்னு சொன்னா ஓனர் என்னைத் திட்டுவாருங்கண்ணா" என்றார். அவருக்கு இருபத்துமூன்று வயதுதான். அந்த நிலையில் ஒருவரை வைத்துவிட்டு அவரிடம் மட்டும் ஒழுக்கம் கேட்பது சரியில்லை, ஜிம் நடத்துகிறவர்கள் சரக்கு விற்பதையும் பயிற்சி கொடுப்பதையும் ஒரே ஆள் தலையில் கட்டாமல் இருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விசேஷத்துக்கு ஏற்காடு போனோம். ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையில் வண்டி வரிசையாக ஏறுகிறது, அதன் நடுவில் பனியன் போட்ட ஒரு கூட்டம் அடிவாரத்திலிருந்து ஓடி வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. ஏழாவது வளைவு தாண்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு வந்தவர் முன்னால் போய் ஓடுகிறவர்களை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம், மூச்சு சீரான பிறகு வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். அன்றைக்கு அவர் நெஞ்சு நின்றிருந்தால் அங்கே யாருக்கு முதலுதவி தெரியும்? நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை விடாமல் அழுத்த வேண்டும், 108 வரும்வரை. மலைப்பாதையில் 108 வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பயிற்சி இல்லாத எவரும் இன்னொருவரை மூச்சு வாங்க ஓடவைக்கக் கூடாது.

நம் மாவட்டத்தில்தான் பாராலிம்பிக் உயரம் தாண்டும் வீரர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் இருக்கிறார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கினார். அந்தக் காலால் எது முடியும், எது முடியாது என்று பார்த்துப் பார்த்துப் பயிற்சி கொடுக்காமல் இது நடந்திருக்காது. பயிற்சி என்றால் எனக்கு அதுதான் தோன்றுகிறது, முன்னால் நிற்கிற உடம்பு யாருடையது என்று தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது.

சேலம் மாநகராட்சியையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஜிம்மிலும் டிரெய்னரின் தகுதி, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், புகார் சொல்ல ஒரு போன் நம்பர், இவை வாசலில் எழுதியிருக்க வேண்டும். சேருகிற அன்று அந்த ஏழு கேள்வித் தாள் தமிழில் கையில் கொடுக்கப்பட வேண்டும். உங்கள் ஞாயிறு இணைப்பில் அந்தத் தாளை வெட்டி எடுத்துக்கொள்ளும்படி ஒரு தடவை அச்சிட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

இப்போது அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சின்ன இடத்துக்குப் போகிறேன். ஏசி இல்லை, பளபளப்பு இல்லை. அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா முதல் நாள் ஒரு வெயிட்டைக்கூடத் தொடவிடவில்லை, அரைமணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்து மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டார், "இதைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க, டாக்டர்கிட்ட பேசிட்டு வாங்க, நான் நாளைக்கு ஆரம்பிக்கிறேன்" என்றார். என் பெயர் போட்ட அட்டை ஒன்று அங்கே மேசை டிராயரில் இருக்கிறது. முதல் வரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: காலையில் சாப்பிட்டாரா என்று கேட்கவும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.