உடுப்புப் பெட்டியும் வழக்குக் கடதாசியும்

மெல்பேண்
2025 ஆடி 14

அன்பின் ரஞ்சி,

உம்முடைய கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. பேரன் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டான் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். முழங்கால் சத்திரசிகிச்சையை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர் என்பதுதான் பிடிக்கவில்லை. அவன் ஓடத் தொடங்கினால் பின்னால் யார் ஓடுவது? இங்கே நல்ல குளிர். விடிய எழும்பினால் கார்க் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிறது. இவருக்கு இருமல், மற்றப்படி சுகம்.

உம்முடைய கேள்விக்கு வருகிறேன். பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் சேர்ந்த காசில் ஒரு பங்கை இங்குள்ள அகதிக் குடும்பங்களுக்கு அனுப்ப நினைக்கிறோம், உடுப்பும் பால்மாவும் பள்ளிக்கூடப் பையும் வாங்கிக் கொடுப்பதா, நான் செவ்வாய்க்கிழமைகளில் போகிற சட்ட உதவி நிலையத்துக்குக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர். வழக்குச் செலவுக்கு என்று மேடையில் சொன்னால் சனம் முகத்தைத் திருப்பும் என்றும் எழுதியிருக்கிறீர். அது எனக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பை போட்ட பிள்ளையைப் படம் எடுக்கலாம். நீதிமன்றக் கட்டணத்தைப் படம் எடுக்க முடியாது. ஆனாலும் ரஞ்சி, வழக்குக்கே கொடுங்கோ என்றுதான் சொல்லப்போகிறேன்.

பிலோயிலா குடும்பத்தை உமக்குத் தெரியும். பிரியாவும் நடேசலிங்கமும், படகில் வந்து இங்கே தஞ்சம் கேட்ட எங்கள் ஆட்கள். அவர்களுக்காக ஊர்ச் சனம் நின்ற கதை கனடா வரைக்கும் வந்ததுதானே. குயின்ஸ்லாந்தின் உட்பக்கத்தில் ஆறாயிரம் பேர் கூட இல்லாத சின்ன ஊர் அது. சுற்றிவர நிலக்கரிச் சுரங்கமும் மாட்டுப் பண்ணையும். நடேஸ் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2018 மார்ச் 5, விடிய ஐந்து மணிக்கு எல்லைப்படை அதிகாரிகள் வந்து கதவைத் தட்டித் தாய் தகப்பனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரியாவின் இடைக்கால விசா முடிந்து ஒரு நாள்தான். அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நம்பமுடியாமல் இருக்கிறது. அந்த ஊரின் சமூகசேவை உத்தியோகத்தர் அஞ்சலா ஃபிரெடரிக்ஸும் அவருடைய சிநேகிதிகளும், அரசியல் போராட்டம் எதுவும் முன்பின் செய்தறியாத சனம், மனு எழுதத் தொடங்கினார்கள். அதில் 5 இலட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. இங்கே எங்களுடைய தமிழ் அகதிகள் பேரவையும் கூட நின்றது.

நீர் அறிந்தது இந்தப் பாதி. மற்றப் பாதி 2019 ஓகஸ்ட் 29 இரவில் இருக்கிறது. அன்று நாலு வயதுப் பிள்ளையையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் தாய் தகப்பனோடு இலங்கைக்கு நாடுகடத்த மெல்பேண் விமான நிலையத்தில் தனி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வேலிக்கு வெளியே ஆதரவாளர்கள் நின்று கத்துகிறார்கள். விமானம் எழும்பிவிட்டது. கையெழுத்துப் போட்ட சனம் எத்தனை இலட்சம் என்றாலும் அந்த நேரத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. விமானத்தைத் தரையிறக்கியது குடும்பத்தின் சட்டத்தரணி கரினா ஃபோர்ட் தரப்பு எடுத்த தடையுத்தரவு. நீதிபதி தொலைபேசியில் வழங்கிய உத்தரவு. விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள், அது வேறு கொடுமை. ஆனால் கொழும்புக்குப் போகவில்லை.

அந்தத் தடையுத்தரவு எதில் பிடித்துக்கொண்டு நின்றது தெரியுமா? சின்னப் பிள்ளையில். அவள் அவுஸ்திரேலியாவிலேயே பிறந்தவள். ஆனால் தாய் தகப்பன் படகில் வந்தபடியால் சட்டம் அவளையும் படகில் வந்த ஆளாகத்தான் கணக்கெடுக்கிறது. அமைச்சர் தடையை நீக்கினால் ஒழிய அவளால் பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மற்ற மூன்று பேரின் வழக்கும் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றுவிட்டது. இந்தப் பிள்ளையின் கோரிக்கையை மட்டும் ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதைச் சட்டத்தரணிமார் கண்டுபிடித்தார்கள். 2020 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் அவளுக்கு நியாயமான நடைமுறை கிடைக்கவில்லை என்று தீர்த்து, வழக்குச் செலவாக 2 இலட்சம் டொலருக்கு மேல் அரசாங்கம் கட்ட வேண்டும் என்றது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2021இல் அதுவும் சரிவரவில்லை.

அந்தத் தீர்ப்பால் அவர்களுக்கு விசா கிடைத்துவிடவில்லை, ரஞ்சி. விசா கொடுத்தது 2022இல் ஆட்சி மாறி வந்த அரசாங்கம், அமைச்சருக்கு உள்ள தனி அதிகாரத்தால். ஜூனில் ஊருக்குத் திரும்பி இரண்டு நாளில் சின்னவள் தன்னுடைய ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடினாள். ஓகஸ்டில் நிரந்தர விசா வந்தது. நாட்டின் மனதை மாற்றியது ஊர்ச் சனம்தான். அந்த மனம் மாறி முடிய நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் குடும்பத்தை இந்த மண்ணில் பிடித்து வைத்தது வழக்கு. நீங்கள் வழக்குக்குக் கொடுக்கிற காசு வாங்கித் தருவது நாட்களைத்தான். முதலில் எனக்கும் இது விளங்கவில்லை. வழக்கு என்றால் வெல்ல வேண்டும், வெல்லாவிட்டால் காசு வீண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் போகிற இடத்தைப் பற்றி. படகில் வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த இலவச சட்ட உதவியில் பெரும்பகுதியை 2014 மார்ச் 31 உடன் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சுமை இப்படியான நிலையங்களின் தலையில்தான். பிறகு 2017 மே மாதம் அமைச்சர் ஒரு நாள் குறித்தார்: ஒக்டோபர் 1க்குள் விண்ணப்பிக்காதவர்கள் வெளியேற வேண்டியதுதான். அப்போது விண்ணப்பம் போடாமல் 7,500 பேர் இருந்தார்கள். போடாமல் விட்டது சோம்பலால் என்று வானொலியில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்தது. எத்தனையோ பேர் ஒரு வருடத்துக்கு மேலாகச் சட்டத்தரணிக்காக வரிசையில் காத்திருந்தவர்கள். படிவம் முழுக்க ஆங்கிலம்.

நான் அந்த வருடம்தான் தொண்டராகச் சேர்ந்தேன், மொழிபெயர்க்க. இரவு பத்துப் பதினொரு மணி வரைக்கும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருப்போம். ஒரு மேசைக்கு ஒரு சட்டத்தரணி, சட்டம் படிக்கிற ஒரு பிள்ளை, ஒரு மொழிபெயர்ப்பாளர், அந்தக் குடும்பம். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு ஐயா வருவார். அவருக்குச் சட்டமும் தெரியாது, தமிழும் தெரியாது. பிரதி எடுத்து, பக்கத்துக்கு இலக்கம் போட்டுக் கட்டுவது மட்டும்தான் அவருடைய வேலை. ஐந்து மாதத்தில் ஒரு பக்கம் கூட மாறி வந்ததை நான் காணவில்லை. கடைசியில் நாடு முழுக்க விண்ணப்பிக்காமல் விடுபட்டவர்கள் நூறு பேர் கூட இல்லை. அதைச் செய்தது இப்படியான ஆட்கள்.

ஆலோசனை சொல்ல எனக்கு உரிமையில்லை. குடிவரவு விஷயத்தில் சட்டத்தரணியோ பதிவுபெற்ற முகவரோ அல்லாதவர் ஆலோசனை சொன்னால் இங்கே குற்றம். அதனால் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் சொன்னபடி மாற்றிக் கொடுப்பேன். ஆனால் அந்த மாற்றிக் கொடுப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று உமக்குச் சொன்னால் விளங்கும். ஆளை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன். ஒரு பொடியன் வந்து இறங்கியதும் நடந்த முதல் விசாரணையில் "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்று சொல்லியிருக்கிறான். அது ஆங்கிலத்தில் கூடப்பிறந்த சகோதரன் ஆகிவிட்டது. பிறகு விண்ணப்பத்தில் சகோதரர் இல்லை என்று எழுதியிருக்கிறான். எங்களுக்குப் பெரியப்பாவின் மகனும் அண்ணாதானே! முடிவு எழுதினவர் இதை முரண்பாடு, ஆள் நம்பத்தகுந்தவன் இல்லை என்று எழுதிவிட்டார். "பிடிச்சுக்கொண்டு போனது யார்" என்ற கேள்விக்கும் அவன் "அவையள்" என்றுதான் சொல்லியிருக்கிறான். வன்னியில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லுவான்? பெயரைச் சொல்லிக் கதைக்கப் பழகின சனமா நாங்கள்?

நீர் 1989இல் மொன்றியலில் இறங்கினபோது முடிவு எடுக்கிற ஆட்களுக்கு முன்னால் இருந்து உம்முடைய கதையை உம்முடைய வாயால் சொன்னீர். 1985இல் உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அகதிக்கு நேரில் பேசுகிற உரிமை உண்டு என்று தீர்த்திருந்தபடியால்தான் அது. இந்தப் பொடியனுடைய மறுபரிசீலனை கடதாசியில்தான் நடந்தது. பெரும்பாலும் ஆளைக் கூப்பிடமாட்டார்கள், புதுத் தகவலும் எடுக்கமாட்டார்கள். அந்த மறுபரிசீலனைச் சபையை 2024 ஒக்டோபரில் மூடிவிட்டார்கள். ஆனால் அது எழுதிவிட்டுப் போன முடிவுகள் இருக்கின்றன.

நிராகரித்த கடிதம் கிடைத்தால் நீதிமன்றத்துக்குப் போக 35 நாள். அவன் எங்களிடம் வந்தபோது அதில் 29 நாள் போய்விட்டது. கடிதம் விளங்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தானாம். கட்டணம் மூவாயிரம் டொலருக்கு மேல். கஷ்டத்தைக் காட்டினால் குறைப்பார்கள், குறைத்தாலும் இரவில் கழுவித் துடைக்கிற வேலை செய்கிற பொடியனுக்கு அது மலை. நிலையம் கட்டியது. முப்பத்துநாலாவது நாள் தாக்கல் செய்தோம். பெரியப்பாவின் மகன் யார் என்பதை விளக்கி நான் மொழிபெயர்த்த சத்தியக்கடதாசி ஒன்றரைப் பக்கம். வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது, புதிதாகப் பார்க்கச் சொல்லி. அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். போன தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அந்தக் கட்டணக் காசு யாரோ ஒருவர் மாதாமாதம் அனுப்புகிற இருபது டொலர்களில் சேர்ந்தது. அனுப்பினவருக்கு இவனைத் தெரியாது.

2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த 19,000 பேருக்கு நிரந்தரமாக வழி திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் விரைவு முறையில், அதாவது அந்தப் பொடியனுக்கு நடந்த மாதிரிக் கடதாசி மறுபரிசீலனையில், நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், தமிழர் கனபேர். அந்த வருடம் 22 பெண்கள், ஈரானியரும் எங்கள் ஆட்களும், மெல்பேணிலிருந்து கன்பரா நாடாளுமன்றம் வரைக்கும் 640 கிலோமீற்றர் நடந்தார்கள். பன்னிரண்டு வருடமாக ஆறு மாதம், ஆறு மாதம் என்று விசாவைப் புதுப்பித்துக்கொண்டு இருக்கிற வாழ்க்கை. இங்கே வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்ததும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம், அரச கடன் கிடையாது. பிலோயிலா மாதிரி ஓர் ஊர் இவர்கள் எல்லோருக்கும் பின்னால் இல்லை. இங்கே மெல்பேணின் டண்டினோங் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்காக மனு எழுத ஆளில்லை. அவனுக்கு ஊர் நாங்கள்தான், ரஞ்சி. நீங்களும்தான்.

அதனால் கூட்டத்தில் இப்படிச் சொல்லும்: ஒரு குடும்பத்தின் நீதிமன்றக் கட்டணம், ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு, உளநல வைத்தியரின் அறிக்கை, இந்த மூன்றுக்கும் என்று. நிலையம் பற்றுச்சீட்டுத் தரும். குடும்பத்தின் பெயர் மட்டும் தராது, அதைக் கேட்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடும். சிறிய தொகையை ஒவ்வொரு மாதமும் அனுப்ப ஏலுமென்றால் இன்னும் நல்லது. அடுத்த வருடம் யார் சம்பளத்துக்கு இருப்பார் என்று தெரியாமல் நிலையத்தால் வழக்கு எடுக்க முடியாது. வழக்கு ஒரு வருடத்தில் முடிகிற சாமான் இல்லை. உடுப்பு தரத்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் குளிருடுப்பாகக் கேட்டு வாங்கும், அதையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

நாளைக்குச் செவ்வாய். பின்னேரம் ஒரு தாயும் மகனும் வருகிறார்கள். அவனுக்கு இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. தாயின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயர், கலியாணப் பதிவில் வேறு பெயர். தகப்பன் பெயர் முன்னால் வருவதை விளக்கி எழுத வேண்டும். அந்த வேலையை இன்றிரவே தொடங்கினால்தான் முடியும், அதனால் நிறுத்துகிறேன். மருமகளுக்கும் பேரனுக்கும் என் அன்பு. முழங்காலுக்குத் திகதி எடுத்துவிட்டு எழுதும்.

உம்முடைய,
சாந்தி