நடுவில் கிடந்த பத்தாண்டுகளைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு, வணக்கம்.

குழந்தை நட்சத்திரமாக இருந்த கமல்ஹாசனையும், அதற்குப் பிறகு அவர் கடந்து வந்த ஆண்டுகளையும் பற்றி நாகர்கோவிலில் நாங்கள் வைத்த கண்காட்சி நல்லபடியாக நிறைவேறியது. பொருள் தந்தவர்களுக்கும் கைவேலை செய்தவர்களுக்கும் விவரம் பார்த்துத் தந்தவர்களுக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால் ஊரையும் உதவியையும் மட்டும் குறிப்பிடுகிறோம்.

முதலில் வடசேரி அண்ணாச்சிக்கு. அவர் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பாட்டுப் புத்தகங்கள் இல்லாவிட்டால் கண்காட்சியில் பாதி இருந்திருக்காது. 'களத்தூர் கண்ணம்மா' (1960), 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை' (இரண்டும் 1962), 'வானம்பாடி', 'ஆனந்த ஜோதி' (இரண்டும் 1963) என்று கமல்ஹாசன் சிறுவனாக நடித்த தமிழ்ப் படம் ஐந்துக்கும் புத்தகம் வைத்திருந்தார். பழைய பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் அச்சிட்ட ஆண்டு இருக்காது. காலத்தைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி சொல்லித் தந்த வழி, விலையைப் பார்ப்பது. அணா என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. 'ந.பை.' என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது, ஏனென்றால் நயா பைசா என்ற பெயர் புழங்கியது அந்த ஏழாண்டு மட்டும்தான். வெறும் 'பைசா' என்றிருந்தால் பிந்தைய மறுபதிப்பாக இருக்கலாம். இந்த ஐந்து படங்களும் அந்த ஏழாண்டுக்குள்ளேயே வருவதால் முதல் பதிப்பையும் மறுபதிப்பையும் பிரிப்பது எளிதாயிற்று.

அந்தப் புத்தகங்களைத் திறக்கப் பொறுமை வேண்டும். மலிவான செய்தித்தாள் காகிதம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக்காற்றும் உண்டு. அதனால் முதலில் கெடுவது தாள்களைச் சேர்க்க நடுவில் அடித்த கம்பிப் பின். துரு காகிதத்தைத் தின்று, ஓட்டை பெரிதாகி, நடுத்தாள் கழன்றுவிடும். கொட்டாரத்துத் தம்பி ஒவ்வொரு பின்னையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, வெள்ளை நூலால் தைத்துத் தந்தார். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே விடவில்லை, ஏனெனில் அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். கோதுமை மாவிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சைக் காய்ச்சிய பசையும் மெல்லிய டிஷ்யூ தாளும் போதும் என்றார். லேமினேஷன் கேட்டு வந்தவர்களையும் அவரே தடுத்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது.

குளச்சல் அக்கா கொடுத்த படம் இன்னும் சிக்கலானது. சட்டத்துக்குள் இருந்த கறுப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புகைப்படத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஓதத்தில் ஊறிப் பின் காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்து அட்டையைக் கழற்றியபோது ஓரமெல்லாம் விடுபட்டே இருந்தது; ஒட்டியிருந்தது சரியாக முகம் இருக்கும் இடம். இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதனால் பிரிக்காமல், இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்திக் கண்ணாடி வழியாகவே நகல் எடுத்துத் தந்தார் தக்கலை ஸ்டுடியோக்காரர். நன்றி, அண்ணே! வீட்டில் இப்படி ஒட்டிய படம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் தொட்டுப் பிரிக்கப் பார்க்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கனத்த அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள்.

விளக்க அட்டைகளை ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வரிவரியாகப் பார்த்தார். 'களத்தூர் கண்ணம்மா' வெளியான 1960 ஆகஸ்ட் 12 அன்று, 1954 நவம்பர் 7-ல் பரமக்குடியில் பிறந்த பிள்ளைக்கு ஆறு வயது நிறையவில்லை என்பது அவர் கணக்கு. அந்தப் படத்துக்காகக் குழந்தைக்குக் கிடைத்த குடியரசுத் தலைவர் பதக்கத்தை இன்றைய 'சிறந்த குழந்தை நட்சத்திரம்' தேசிய விருதோடு சேர்த்து எழுதக் கூடாது, அந்தப் பிரிவு 1968-க்கான விருதுகளில்தான் தொடங்கியது என்பதையும் அவரே எழுதித் தந்தார். இப்படி ஒருவர் இருந்தால் எந்தக் கண்காட்சியும் தப்பிக்கும்.

நாங்கள் மனதில் வைத்து வேலை செய்தது ஒன்றைத்தான். குழந்தை நட்சத்திரத்தின் கதையை எல்லோரும் முதல் படத்தில் தொடங்கி நேரே கதாநாயகன் வேடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். 1963-க்கும் 1973-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே எங்களுக்கு முக்கியம். குரல் உடைகிறது, கைகால் நீள்கிறது. பிள்ளை வேடத்துக்கு வளர்த்தி அதிகம், நாயகன் வேடத்துக்கு வயது போதாது. பலருடைய திரைவாழ்வு அங்கேயே நின்றுபோகிறது. கமல்ஹாசன் அந்த இடைவெளியில் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவுக்குப் போனார், பிறகு நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்தார். 'மாணவன்' (1970) படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார். கே. பாலச்சந்தரின் 'அரங்கேற்றம்' (1973) அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த நாடகப் பகுதிக்கு உயிர் கொடுத்தவர் ஒழுகினசேரிப் பெரியவர். சண்முகமும் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவர்தான் நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். ஆகவே இந்த ஊருக்கும் அந்தப் பையனுக்கும் பாடசாலை ஒன்றே என்று பெரியவர் பெருமையோடு சொன்னார். சினிமாவில் பிள்ளை ஒரு வரி பேசினால் போதும். அடுத்த வரியை இயக்குநர் சொல்லிக் கொடுத்து வேறு ஷாட்டில் எடுத்து, எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வார். பாட்டுக்கும் பின்னணிக் குரல் உண்டு. 'களத்தூர் கண்ணம்மா'வில் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. மேடையில் அதெல்லாம் இல்லை. முழு வசனமும் மனப்பாடமாக வேண்டும், வரியின் கடைசிச் சொல் விழுந்துவிடாமல் பின்வரிசைக்குப் போக வேண்டும், கைதட்டல் அடங்கும் வரை அடுத்த வரியைப் பிடித்து வைக்க வேண்டும். உடைகிற குரலைத் தொண்டையில் வைத்துக் கத்தினால் கட்டிக்கொள்ளும், வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று பெரியவர் பேசியே காட்டியது பார்வையாளர்களுக்குப் பெரிய கொடை. 'அவ்வை' வேடத்தால் பெயர் பெற்ற ஆசான் டி.கே. சண்முகத்தின் நினைவுதான் 1996-ல் 'அவ்வை சண்முகி' என்ற தலைப்பாக வந்தது.

மார்த்தாண்டத்து நண்பர்களுக்கும் தனியே நன்றி. 'கன்யாகுமாரி' (1974) மலையாளப் படம். நம் ஊர்ப் பெயர், நம் கடற்கரைக் கதை. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். 1962-ல் 'கண்ணும் கரளும்' படத்தில் கமல்ஹாசனைச் சிறுவனாக மலையாளத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பிள்ளையாகக் கூட்டிப்போன இயக்குநரே பன்னிரண்டு ஆண்டு கழித்து நாயகன் வேடம் கொடுத்தார், அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அந்தப் படத்தின் மலையாள எழுத்துகளைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். பக்கத்தில் வைத்த கடற்கரைப் படங்களுக்குக் காலம் குறிக்க அவர்கள் சொன்ன அடையாளம்: விவேகானந்தர் பாறை மண்டபம் தெரிந்து வள்ளுவர் சிலை வேலையே தொடங்காதிருந்தால் அது 1970-க்குப் பிந்தியது, 2000-க்கு வெகுவாக முந்தியது.

இசைத்தட்டு போட்ட சுசீந்திரம் சாருக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுக்கு அகலமான முள் வேண்டும், பிற்கால எல்.பி. தட்டின் முள்ளை வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். அந்தத் தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரையும் என்று துடைக்கும் துணியைக்கூடத் தாமே கொண்டுவந்தார்.

இரவல் தந்தவர்கள் ரசீதோடு வந்து பொருளை வாங்கிக்கொள்ளலாம். கூடவே ஸ்கேன் செய்த நகலும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் தருகிறோம். அதிலுள்ள மணிகள் நீலமாக இருக்கும் வரை வேலை செய்யும். இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கும் எட்ட வேண்டாம். பெட்டியைத் தரையில் வைக்காமல் பரண் மரத்திலோ ஸ்டூலிலோ வையுங்கள். 1963-க்கும் 1973-க்கும் இடைப்பட்ட நாடக நோட்டீஸ் யார் வீட்டிலாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்,
நாகர்கோவில்